இண்டெக்ஸ் இருந்தும் குவெரி ஏன் இழுக்கிறது?

குவெரி மெதுவாக ஓடுகிறது என்றதும் பலரும் இன்னொரு இண்டெக்ஸ் போடுகிறார்கள், இல்லாவிட்டால் பெரிய சர்வர் கேட்கிறார்கள். அதற்கு முன்னால், டேட்டாபேஸ் அந்த வேலையை எப்படிச் செய்கிறது என்று அதனிடமே கேளுங்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் குவெரிக்கு முன்னால் ‘எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்’ சேர்த்தால் போதும், முழுத் திட்டமும் திரையில் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அது குவெரியை நிஜமாகவே ஓட்டும். ‘டெலீட்’ குவெரிக்கு முன்னால் போட்டால் வரிகள் அழிந்தேபோகும்.

ஒரு கோடி பில்கள் உள்ள டேபிள். பில் போட்ட நேரத்துக்கு இண்டெக்ஸ் இருக்கிறது. ஒரு நாளின் பில்களை எடுக்க, அந்த நேரத்தை ‘டேட்’ ஃபங்ஷனுக்குள் போட்டு, அது மார்ச் 5-க்குச் சமமா என்று எழுதுகிறோம். திட்டத்தில் ‘சீக் ஸ்கேன்’ என்று வருகிறது. அதாவது, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒன்று விடாமல் படிக்கிறது. இண்டெக்ஸ் அடுக்கி வைத்திருப்பது நேரத்தை. நாம் கேட்பதோ ஃபங்ஷன் தரும் விடையை. அது இண்டெக்ஸில் இல்லை. ‘மார்ச் 5 தொடக்கத்திலிருந்து, மார்ச் 6-க்கு முன்பு வரை’ என்று மாற்றி எழுதுங்கள். அதே பில்கள்தான் வரும், ஆனால் இண்டெக்ஸ் வழியாக வரும். 1972-இல் பேயரும் மெக்ரைட்டும் வெளியிட்ட பி-ட்ரீ அமைப்பின் பலம் இது: ஒரு கோடி வரிகளிலும் மூன்று நான்கு பக்கங்களைப் படித்தாலே தேடும் இடத்துக்குப் போய்விடலாம்.

சீக் ஸ்கேன் எப்போதும் தப்பில்லை. சின்ன டேபிளுக்கும், பாதி வரிகள் தேவைப்படும் ரிப்போர்ட்டுக்கும் அதுதான் சரி.

திட்டத்தில் நான் முதலில் பார்ப்பது வரிகளின் எண்ணிக்கையைத்தான். டேட்டாபேஸ் 10 வரி வரும் என்று கணித்து, உண்மையில் 5 லட்சம் வந்திருந்தால் அதன் புள்ளிவிவரம் பழையதாக இருக்கலாம். அதைப் புதுப்பிக்க ‘அனலைஸ்’ கட்டளையைத் தனியாக ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

இண்டெக்ஸ் தேவைதான் என்று உறுதியானால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் எண்ணிப் போடுங்கள். புதிதாக வரும் ஒவ்வொரு வரியையும் எல்லா இண்டெக்ஸிலும் எழுதியாக வேண்டும். வாடிக்கையாளர் எண், தேதி என்ற வரிசையில் போட்ட கூட்டு இண்டெக்ஸ், தேதியை மட்டும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் உதவாது.

வேலை நேரத்தில் சாதாரணமாக ‘கிரியேட் இண்டெக்ஸ்’ ஓட்டினால், முடியும்வரை அந்த டேபிளில் யாரும் எழுத முடியாது. மறக்காமல் ‘கன்கரென்ட்லி’ சேர்த்து ஓட்டுங்கள்.