இதயத் துடிப்புப் பயிற்சி வலயங்கள்

இதயத் துடிப்புப் பயிற்சி வலயங்கள் என்பவை, ஓட்டப் பயிற்சியின் கடுமையை ஓடுபவரின் இதயத் துடிப்பு வீதத்தைக் கொண்டு அளப்பதற்காக வகுக்கப்படும் எல்லைகள் ஆகும். ஒரே வேகத்தில் ஓடும் இருவரின் உடல் உழைப்பு ஒன்றாக இருப்பதில்லை. ஒருவருக்கே கூட ஏற்றத்திலும், வெயிலிலும், உறக்கம் குறைந்த நாளிலும் அது வேறுபடும். வேகத்தை மட்டும் பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு தெரியாது.

வரலாறு

1930களில் ஜெர்மனியில் பயிற்சியாளர் வால்டெமர் கெர்ஷ்லரும் மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலும் துடிப்பை அளவுகோலாகக் கொண்டு இடைவெளிப் பயிற்சியை வளர்த்தெடுத்தனர். குறுகிய தூரத்தை விரைந்து ஓடித் துடிப்பை நிமிடத்துக்கு 180 அளவுக்கு உயர்த்த வேண்டும். அது 120க்கு இறங்கிய பின்னரே அடுத்த ஓட்டம். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடோல்ப் ஹார்பிக் 1939 இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 நொடிகளில் ஓடினார். அந்த உலக சாதனை 1955 வரை நிலைத்தது. அக்காலத்தில் நாடியை விரலால் தொட்டே எண்ணினர். மார்புப் பட்டையிலிருந்து கைக்கடிகாரத்துக்குக் கம்பியின்றித் தரவை அனுப்பும் கருவியைப் பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கணக்கிடும் முறைகள்

பரவலாக அறியப்பட்ட முறையில், 220 இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பு பெறப்படுகின்றது. அதன் 50 முதல் 100 விழுக்காடு வரையுள்ள பகுதி பத்துப் பத்தாக ஐந்து வலயங்களாகப் பிரிக்கப்படுகின்றது. இம்முறையில் ஓய்வுநிலைத் துடிப்பு கருத்தில் கொள்ளப்படுவதில்லை. பின்லாந்தைச் சேர்ந்த மார்த்தி கார்வோனனும் உடன் ஆய்வாளர்களும் 1957 இல் வெளியிட்ட ஆய்வை ஒட்டிய முறை இக்குறையை நீக்குகின்றது. உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுநிலைத் துடிப்பைக் கழித்தால் வருவது துடிப்பு இருப்பு. அதன் விழுக்காட்டுடன் ஓய்வுநிலைத் துடிப்பு மீண்டும் கூட்டப்படும்.

எடுத்துக்காட்டாக, 40 வயதுடைய ஒருவரின் உச்சத் துடிப்பு 180 எனவும் ஓய்வுநிலைத் துடிப்பு 60 எனவும் கொள்வோம். முதல் முறைப்படி அவரது இரண்டாம் வலயம் 108 முதல் 126 வரை. கார்வோனன் முறைப்படி 60-70 விழுக்காடு என்பது 132 முதல் 144 வரை. ஆகவே எந்த முறையில் கணித்தது என்று கூறாமல் விழுக்காட்டை மட்டும் கூறுவதில் பொருளில்லை.

220 என்னும் வாய்பாடே ஐயத்துக்குரியது. 1970களின் தொடக்கத்தில் பரவிய இது, இதற்கெனச் செய்யப்பட்ட ஆய்விலிருந்து பிறந்ததன்று. 2001 இல் தனாக்காவும் பிறரும் 208 இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் வாய்பாட்டைத் தந்தனர். 60 வயதில் முன்னது 160, பின்னது 166. எனினும் இரண்டுமே சராசரிகள்; தனிமனிதரின் உண்மை அளவு பத்துக்கு மேலும் விலகலாம். மேற்கூறிய 40 வயதினரின் உண்மையான உச்சம் 168 ஆக இருந்தால், 144 இல் ஓடும்போது அவர் தம் இருப்பில் 78 விழுக்காட்டைச் செலவிடுகிறார். எளிய ஓட்டம் என எண்ணி நாள்தோறும் கடினமாக ஓடுபவர் இவ்வாறே உருவாகிறார். அனுபவமுள்ளவர்கள் 30 நிமிடம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச முயற்சியில் தனியே ஓடி, இறுதி 20 நிமிடங்களின் சராசரித் துடிப்பை லாக்டேட் எல்லையாகக் கொள்வதுண்டு. வாய்பாட்டை விட இது நம்பகமானது.

வலயங்களின் பயன்

தாழ்ந்த வலயங்களில் கொழுப்பு பெரும்பங்கு எரிபொருளாகின்றது. தசைகளில் இழைமணிகள் பெருகுகின்றன. ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவு கூடுகின்றது. லாக்டேட் எல்லைக்கு மேல் குருதியில் லாக்டேட் விரைந்து சேர்வதால் நெடுநேரம் ஓட இயலாது. முன்னணி நெடுந்தூர வீரர்களின் பயிற்சிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு எளிய கடுமையிலேயே அமைவதை ஸ்டீபன் சைலரின் ஆய்வுகள் காட்டின.

வரம்புகள்

வெப்பத்திலும் நீரிழப்பிலும் ஒரு துடிப்புக்கான குருதியளவு குறைவதால், வேகம் மாறாதபோதும் துடிப்பு மெல்ல ஏறும். 200 மீட்டர் போன்ற குறுகிய ஓட்டங்களில் துடிப்பு உயர்வதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். மணிக்கட்டில் ஒளி பாய்ச்சி அளக்கும் கடிகாரங்கள் சில வேளைகளில் காலடி எண்ணிக்கையைத் துடிப்பாகக் காட்டிவிடுகின்றன. மின்குறிப்பை உணரும் மார்புப் பட்டையில் இச்சிக்கல் இல்லை. பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்வோருக்குத் துடிப்பு செயற்கையாகத் தாழ்ந்திருப்பதால் வயது வாய்பாடுகள் எவையும் பொருந்தா. அவர்களுக்கான எல்லையை மருத்துவர் மேற்பார்வையிலான உடற்பயிற்சிச் சோதனையில் அறியலாம். தடையின்றிப் பேசிக்கொண்டே ஓட முடிகின்றதா என்பதும் ஓர் எளிய அளவுகோலாகும்.