மோட்டார் மேல் பழி போடாதீர்கள்

பழைய வண்டி – 14

இடது பக்கக் கண்ணாடி இறங்கவில்லை என்று பழைய காரைக் கொண்டுபோய் நிறுத்தினால், பல ஒர்க்‌ஷாப்களில் கதவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "மோட்டார் போச்சு சார், மாத்திடலாம்" என்கிறார்கள். புதிது கிடைக்காத மாடல் என்றால் சென்னை புதுப்பேட்டையிலிருந்து, இன்னொரு வண்டியில் கழற்றிய மோட்டார் வரும். மோட்டாரின் வயர் கப்ளரைப் பிடுங்கித் திரும்ப மாட்டியதிலேயே தொடர்பு சரியாகிவிடுவதால் கண்ணாடி கொஞ்ச நாள் ஏறி இறங்கும். அடுத்த மழைக்குப் பழையபடி நிற்கும். கெட்டது மோட்டாரே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும். அதற்குள் பணம் போயிருக்கும்.

பவர் விண்டோ மோட்டார் எளிமையான பொருள். அதற்கு இரண்டே வயர். ஒன்றில் 12 வோல்ட்டும் மற்றதில் எர்த்தும் கொடுத்தால் கண்ணாடி ஏறும். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் இறங்கும். மாற்றிக் கொடுக்கும் வேலையைச் சுவிட்ச் செய்கிறது. சுவிட்சைத் தொடாதபோது இரண்டு வயருமே எர்த்தில் இருக்கும். அமுக்கினால் ஒரு வயர் மட்டும் எர்த்தை விட்டு லைனுக்குப் போகும். ஆக, கரண்ட் போகும் வழி மட்டுமல்ல, திரும்பி வரும் வழியும் சுவிட்சுக்குள்தான் இருக்கிறது.

பல கார்களில் இடது கதவின் சுவிட்சுக்கு எர்த் நேராகக் கிடைப்பதில்லை. டிரைவர் கதவில் இருக்கும் மாஸ்டர் சுவிட்சுக்குள் நுழைந்துதான் வருகிறது. அங்கே உள்ள தகட்டில் கார்பன் படிந்துவிட்டால், இடது கதவில் சுவிட்ச், வயர், மோட்டார் எல்லாம் நன்றாக இருந்தும் கண்ணாடி அசையாது. நோய் வலது கதவில். வைத்தியம் நடப்பது இடது கதவில். பழைய வண்டிக்காரர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: கோளாறு தெரியும் இடமும் கோளாறு இருக்கும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

கருவி எதுவும் இல்லாமல் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இருட்டியதும் என்ஜினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் ஆன் செய்து, ரூம் லைட்டைப் போட்டுக்கொண்டு, வேலை செய்யாத கண்ணாடியின் சுவிட்சை அமுக்குங்கள். விளக்கு சற்று மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. கண்ணாடியோ அதை ஏற்றி இறக்கும் மெஷினோ எங்கோ சிக்கியிருக்கிறது, அல்லது மோட்டார் உள்ளே இறுகியிருக்கிறது. விளக்கு மங்கவே இல்லை என்றால் கரண்ட் வழியில் எங்கோ அறுபட்டிருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். நான்கு கண்ணாடியும் சேர்ந்து நின்றிருந்தால் பியூஸ், ரிலே, மெயின் லைன். ஒன்று மட்டும் என்றால் அந்தக் கதவும் மாஸ்டர் சுவிட்சும். இறங்குகிறது, ஆனால் ஏற்றும்போது சத்தமே இல்லை என்றால் மோட்டாரை விட்டுவிட்டுச் சுவிட்சைக் கழற்றுங்கள். ஒரு பக்கம் சுற்றும் மோட்டார் மறுபக்கமும் சுற்றும்.

மல்டிமீட்டரிலும் ஏமாற்றம் உண்டு. மோட்டார் கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தால், ஒரே ஒரு இழை மிஞ்சியிருக்கும் வயர்கூட 12 வோல்ட் காட்டும். மீட்டர் கரண்ட் இழுப்பதே இல்லை எனலாம். மோட்டாரோ பல ஆம்பியர் இழுக்கிறது; அந்த ஒற்றை இழை அதைத் தாங்காது. ஆகவே கப்ளர் மாட்டியபடியே இருக்க, சுவிட்சை அமுக்கிக்கொண்டு பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து அளக்க வேண்டும். எட்டு, ஒன்பது வோல்ட் காட்டினால் மீதி வழியில் எங்கோ தின்னப்படுகிறது. சாதாரண இண்டிகேட்டர் பல்பை இரண்டு வயரோடு டெஸ்ட் லாம்ப்பாக வைத்திருக்கும் பழைய எலக்ட்ரீஷியன்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 21 வாட் பல்பு கிட்டத்தட்ட இரண்டு ஆம்பியர் இழுக்கும். பல்பு பிரகாசமாக எரிந்தால் வயரில் சரக்கு இருக்கிறது என்று நம்பலாம்.

தின்னும் இடம் பெரும்பாலும் கதவின் கீல் பக்கம். பாடியிலிருந்து கதவுக்குள் போகும் ரப்பர் குழாயில் அத்தனை வயரும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை மடிந்து நிமிர்கின்றன. அதிகம் திறக்கப்படுவது டிரைவர் கதவு, அதனால் முதலில் அறுவதும் அங்கேதான். மேல்தோல் அப்படியே இருக்கும், செம்பு மட்டும் உள்ளே முறிந்திருக்கும். கதவைப் பாதி திறந்து வைத்தால் வேலை செய்கிறது, மூடினால் நிற்கிறது என்றால் வேறெங்கும் தேடவேண்டாம். ரப்பரை விலக்கி ஒவ்வொரு வயராக மெல்ல இழுத்துப் பாருங்கள். முறிந்தது மட்டும் நீளும். அதை மடியும் இடத்திலேயே சால்டர் வைத்து ஒட்டுவது வீண். சால்டர் ஏறிய இடம் விறைத்துவிடும், அதன் ஓரத்திலேயே மறுபடி முறியும். நன்றாக வளையும் புதிய வயரை அந்த நீளம் முழுக்க விட்டு, கதவுக்குள் ஒரு இணைப்பும் பாடிக்குள் ஒரு இணைப்பும் கொடுப்பதுதான் சரியான வேலை.

பாதி ஏறி நின்று, பத்து நிமிடம் கழித்துத் தானாகச் சரியாகும் கண்ணாடிகளும் உண்டு. பல மோட்டார்களுக்குள் சூடு ஏறினால் கரண்டைத் துண்டிக்கும் சிறு பாதுகாப்பு இருக்கிறது, அது தன் கடமையைச் செய்கிறது. குற்றவாளி கண்ணாடி வழுக்கிச் செல்லும் பீடிங். நம் வெயிலில் ரப்பர் காய்ந்து, புழுதி அடைந்து, கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கிறது. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். என்ஜின் ஆயிலும் கிரீஸும் வேண்டாம். ரப்பரை ஊதவைத்து, புழுதியையும் சேர்த்துவைக்கும்.

இனி அலாரம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவும், அடுத்த ஆண்டு மறைமலைநகரிலிருந்து ஐகானும் வந்த காலத்தில், விலை குறைந்த கார்களை வாங்கியவர்கள் சென்ட்ரல் லாக்கையும் ரிமோட்டையும் சைரனையும் வெளிக்கடைகளில்தான் போட்டுக்கொண்டார்கள். கம்பெனி வயரின் தோலைச் சீவி, புது வயரை முறுக்கி, டேப் சுற்றிவிடுவதே அன்றைய வழக்கம். இருபது கோடைகளில் டேப்பின் பசை உருகி ஓடிவிட்டது. அந்த வயர்களும் கண்ணாடிக்குப் போகும் அதே ரப்பர் குழாய் வழியாகத்தான் போகின்றன. ஆகவே ஒரே வாரத்தில் கண்ணாடியும் மக்கர் செய்து, சைரனும் காரணமில்லாமல் அலறினால், இரண்டு நோய் என்று எண்ணாமல் முதலில் அந்தக் குழாயைப் பாருங்கள்.

நள்ளிரவு அலறலுக்கு அடுத்த காரணம் கதவுச் சுவிட்ச். கதவு திறந்தால் ரூம் லைட்டை எரியவைக்கும் அந்தச் சின்னப் பொத்தானை நம்பித்தான் அலாரமும் கதவு திறந்ததா என்று முடிவு செய்கிறது. அது துருப்பிடித்தால், மூடிய கதவு திறந்ததாகத் தெரியும். கதவைத் தட்டிப் பாருங்கள். ரூம் லைட் சிமிட்டினால் ஆள் அகப்பட்டுவிட்டான். மழையில் நனையும் பானட் சுவிட்ச் இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். லாரி போனாலே கத்துகிறதென்றால் அதிர்வு சென்சாரில் உள்ள திருகைக் குறைத்தால் போதும். பேட்டரியின் வோல்ட்டேஜ் சரிவதைத் திருட்டாக எண்ணும் அலாரங்களும் உண்டு. என்ஜினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வண்டிகளில், பூட்டிவிட்டு நகர்ந்ததும் அவை கத்தும். பலவீனமான பேட்டரி இருந்தால் விடியற்காலையில் கத்தும்.

இவை தொந்தரவுகள்தாம். ஆனால் ஒன்று மட்டும் ஆபத்து. சில கடைக்காரர்கள் திருட்டைத் தடுக்க, இக்னிஷன் லைனையோ பெட்ரோல் பம்ப் லைனையோ வெட்டி நடுவில் ரிலே ஒன்றைப் புகுத்தினார்கள். அந்த இணைப்பு தளர்ந்தால் ஓடும் வண்டியில் என்ஜின் அணைந்துபோகும். பவர் ஸ்டியரிங் இறுகும், பிரேக்கும் சில மிதிகளில் இறுகிவிடும். நெடுஞ்சாலையில் இது உயிர் விஷயம். உங்கள் காரில் அப்படி ஒன்று இருந்தால் ஸ்டார்ட்டர் லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள். அங்கே தளர்ந்தால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். அதேபோல, பியூஸ் அடிக்கடி போகிறதென்று 20 ஆம்பியருக்குப் பதில் 30 போடவே கூடாது. பியூஸ் பிழைக்கும், வயர் எரியும்.

பழைய கார்களின் கண்ணாடி பெரும்பாலும் கை அகப்பட்டாலும் நிற்காது, ஏறிக்கொண்டேதான் இருக்கும். பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தால் மாஸ்டர் சுவிட்சில் உள்ள லாக் பொத்தானை அமுக்கியே வையுங்கள். இறங்கும்போது சாவியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிக்கடையில் போட்ட அலாரத்துக்கு வயரிங் படம் கிடையாது. புதிதாகப் பார்க்கும் ஒவ்வொரு எலக்ட்ரீஷியனும் முதலிலிருந்து தேடுகிறார், தேடும் நேரத்துக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். அடுத்த முறை டோர் பேடு கழற்றப்படும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எந்த நிற வயர் எதில் சேர்கிறது, ரிலே எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். காரை விற்கிற நாளில் அந்தத் தாளையும் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)