தொடும்போதா, பிரியும்போதா?

பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும்போது, அது சில சமயம் திருப்பி உதைத்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். வண்டிக்கு நம்மீது கோபமில்லை. மின்பொறி முந்திவிட்டது, அவ்வளவே!

இப்பொறிக்குக் காரணம் 'பாயிண்ட்' எனப்படும் இரு தொடுமுனைகள். அவை தொடும்போது பொறி பிறப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை நேர்மாறானது. தொட்டிருக்கும்போது முதன்மைச் சுருளில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் வளர்கிறது. பிரிந்ததும் புலம் சட்டெனச் சரிய, துணைச்சுருளில் பல்லாயிரம் வோல்ட் தூண்டப்பட்டுப் பிளக்கில் பொறி பறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது.

பெட்ரோல்–காற்றுக் கலவை எரிந்து அழுத்தம் உச்சமடைய 2 மில்லிவினாடி ஆவதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு 3000 சுற்று வேகத்தில், அதற்குள் கிராங்குத் தண்டு 36 பாகை சுழன்றுவிடும்! எனவே பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பொறி வேண்டும். உதைக்கும்போதோ வேகம் மிகக் குறைவு. அப்போதும் அவ்வளவு முந்தினால், எரியும் வாயு பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே வேகம் கூடும்போது மட்டும் பொறியை முந்தச் செய்ய, விரிந்து சுருங்கும் இரு சிறு எடைகள் உள்ளன.

350 சி.சி. புல்லட்டில் பாயிண்ட் முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருத்தல் வேண்டும். இதை முதலில் சரிசெய்க, டைமிங் பிறகுதான். இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் முன்னதாகவே பிரியுமல்லவா? அடுத்து, எடைகள் சுருங்கிய நிலையில், அமுக்க வீச்சில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னே நிற்கட்டும். பாயிண்டுகளிடையே சிகரெட் தாளைச் செருகி (அத்தாளுக்கு இதைவிட நல்ல பயன் இல்லை!) மெல்ல இழுத்தபடி பாயிண்ட் தட்டைத் திருப்புங்கள். தாள் நழுவும் இடத்தில் தட்டை முடுக்கிவிடலாம்.

நாளடைவில் பாயிண்டின் நார்க்குதிகால் தேய்ந்து இடைவெளி குறையும். பொறி பிந்தும், எஞ்சின் சூடேறி இழுவை குன்றும். குதிகாலில் சிறிது கிரீஸ் தடவினால் தேய்வு மட்டுப்படும். பாயிண்டின் முகத்தில் மட்டும் அது படக்கூடாது.