கொழுப்பின் மேல் ஒரு பாஸ்பேட்

வெள்ளணுக்களின் சவ்வு பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. அதன் உட்பக்கத்தில் பிப்-2 என்ற கொழுப்பு மிகக் கொஞ்சமாக இருக்கிறது. கிருமியின் துணுக்கு ஒன்று டி செல் என்ற வெள்ளணுவின் ஏற்பியில் பொருந்தியதும் பிஐ3கே டெல்டா என்ற நொதி சவ்வை நெருங்கி, பிப்-2இன் தலைப்பகுதியில் உள்ள ஆறு கார்பன் வளையத்தின் மூன்றாம் இடத்தில் ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அது பிப்-3 ஆகிறது. செல்லுக்குள் அலைந்துகொண்டிருக்கும் ஏகேடி போன்ற புரதங்கள் பிப்-3ஐக் கண்டதும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. செல் வளர்ந்து பெருகத் தொடங்குகிறது. நோயெதிர்ப்பின் அளவு இந்த ஒரு பாஸ்பேட்டை இவ்வளவு சார்ந்திருப்பது வியப்பானது.

அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி பிடென். இதன் மரபணுவை, புற்றுநோய்க் கட்டிகளில் தொலைந்துபோகும் ஒன்றாக, 1997இல் டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையத்தினரும் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தினரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். புரதங்களிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் நொதியாகத்தான் முதலில் அது தோன்றியது. அதன் முக்கிய இலக்கு கொழுப்பு என்பது அடுத்த ஆண்டில்தான் தெரிந்தது. டி செல்களில் பிடென் இல்லாத எலிகளுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது. சொந்த உடலையே தாக்கும் நோயெதிர்ப்பும் கிளம்புகிறது.

பிஐ3கே டெல்டா பெரும்பாலும் வெள்ளணுக்களிலேயே இருப்பதால் மருந்துக்கு நல்ல இலக்கானது. கலிபோர்னியா வளைகுடாப் பகுதியில், ஃபாஸ்டர் சிட்டியில் இயங்கும் கிலியட் நிறுவனத்தின் ஐடெலலிசிப் மாத்திரைக்கு 2014இல் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காக அனுமதி கிடைத்தது. அந்த நோயில் புற்றாகும் பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் பிழைத்திருக்க இந்த நொதி தேவை. மாத்திரை அதை முடக்குகிறது. ஆனால் சில நோயாளிகளுக்குக் கடும் பெருங்குடல் அழற்சியும் கல்லீரல், நுரையீரல் பாதிப்பும் வந்தன. மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்கும் இதே நொதி வேண்டியிருப்பதே இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. 2016இல் உயிரிழப்புகளை அடுத்துப் பல மருத்துவப் பரிசோதனைகள் நிறுத்தப்பட்டன.

நொதியை முடக்குவதற்கு நேர்மாறான கோளாறு 2013இல் வெளிவந்தது. பிறவியிலேயே பிஐ3கே டெல்டா ஓயாமல் வேலை செய்யும் குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி கூடவில்லை, குறைந்தது. தொடர்ந்து தூண்டப்பட்ட டி செல்கள் சீக்கிரமே மூப்படைந்தன. பி செல்கள் சரியாக முதிரவில்லை. நெஞ்சுச்சளித் தொற்று மீண்டும் மீண்டும் வந்தது, நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கின. இந்த நோய்க்கான லெனியோலிசிப் மாத்திரையை அமெரிக்க மருந்து ஆணையம் 2023 மார்ச்சில், 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அனுமதித்தது. அதை விற்பது நெதர்லாந்தின் ஃபார்மிங் நிறுவனம். 31 பேரிடம் 12 வாரம் நடந்த பரிசோதனையில், மாத்திரை எடுத்தவர்களின் நிணநீர்க் கணுக்கள் சுருங்கின. ரத்தத்தில், இன்னும் கிருமியைச் சந்திக்காத பி செல்களின் பங்கு உயர்ந்தது.