தாங்கல, பொறுக்கல, சகிக்கல

சொல்லின் தடம் – 14

'சஃபர்' என்ற ஆங்கிலச் சொல்லை நம்மில் பலர் முதலில் சந்தித்தது விடுப்புக் கடிதத்தில். காய்ச்சலால் அவதிப்படுகிறேன், இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்ட அந்த வாக்கியத்தைப் பள்ளி முடியும்வரை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதினோம். என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் மாணவி ஒருத்தி சென்ற மாதம் அதைக் கொஞ்சம் மாற்றிவிட்டாள். தனக்கு 'இன்சஃபரபிள்' காய்ச்சல் என்று எழுதியிருந்தாள். அகராதியில் 'பொறுக்க முடியாத' என்று பொருள் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள். இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் காதில் அது, காய்ச்சலுக்குத் தலைக்கனம் என்று சொன்னதுபோல விழும். "ஏன் சார்?" என்று கேட்டாள்.

பதில் அவள் பேசும் தமிழிலேயே இருக்கிறது. பல்வலி வந்தால் 'தாங்கல' என்கிறோம். ஊர்ப் பொதுக்கிணற்றை ஒருவன் வேலி போட்டு வளைத்தால் 'பொறுக்க முடியாது' என்கிறோம். புதுப் பணக்காரர் ஒருவரின் அலட்டலைப் பார்த்தால் 'சகிக்கல' என்கிறோம். காய்ச்சல் சகிக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இதே மூன்று வாசல்கள்: வலிக்கும் துக்கத்துக்கும் வெயிலுக்கும் 'அன்பேரபிள்', அநீதிக்கும் நிலைமைக்கும் 'இன்டாலரபிள்', ஆளுக்கும் அவர் செருக்குக்கும் 'இன்சஃபரபிள்'. சுவர் வைத்துப் பிரித்ததல்ல, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்வர வழி உண்டு. ஆனாலும் எந்த வாசலில் எது வழக்கமாக வரும் என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியும்.

'சஃபர்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போன சொல். அடியில் நின்று சுமப்பது என்பதே அதன் பழைய பொருள். அதிலுள்ள 'ஃபெர்' என்ற லத்தீன் வேரும், ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான 'பேர்' என்பதும், வடமொழியின் 'பர்' என்ற வேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்த வடமொழி வேரிலிருந்து வந்ததுதான் நாம் தினமும் சொல்லும் 'பாரம்'. மனசு பாரமாக இருக்கிறது என்று நாம் சொல்லும்போது, லண்டன்காரர் வாயில் 'அன்பேரபிள்' ஆக வரும் அதே பழைய சுமையைத்தான் சொல்கிறோம்.

சுமப்பதைச் சொன்ன 'சஃபர்' பிறகு அனுமதிப்பதையும் சொல்லத் தொடங்கியது. தடுக்காமல் பொறுத்துக்கொண்டால் அது அனுமதித்தது மாதிரிதானே. குழந்தைகளைத் தன்னிடம் வரவிடும்படி இயேசு சீடர்களிடம் சொல்லும் இடத்தில், 1611-ல் வெளிவந்த ஆங்கில பைபிள் 'சஃபர்' என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறது. அங்கே துன்பம் எதுவும் இல்லை. இடம் கொடுங்கள் என்பதே பொருள். அந்தப் பொருள் இன்று பேச்சில் மங்கிவிட்டது. ஆனால் 'இன்சஃபரபிள்' என்ற சொல்லில் அதன் சாயலை நான் இன்னும் கேட்கிறேன். இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் மனிதருக்கு அது எவ்வளவு பொருத்தம்!

ஜேன் ஆஸ்டின் 1815-ல் வெளியிட்ட 'எம்மா' நாவலில் ஒரு காட்சி. பாதிரியாரை மணந்து ஊருக்குப் புதிதாக வந்த மிஸஸ் எல்டன், அந்த வட்டாரத்தின் பெரிய நிலக்கிழாரை 'மிஸ்டர்' போடாமல் வெறும் 'நைட்லி' என்று சொல்லிவிடுகிறாள். அவரை அதற்கு முன்பு பார்த்ததுகூட இல்லை. அவள் போனதும் எம்மா பொங்குகிறாள். அவளுக்கு முதலில் வாயில் வரும் சொல் 'இன்சஃபரபிள்'. மரியாதைச் சொல் ஒன்று விடுபட்டதற்கு இவ்வளவு கோபமா என்று ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு இன்று விளக்க வேண்டியிருக்கலாம். ஊர்ப் பெரியவரை 'அவன்' என்று சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்த நமக்கு விளக்கம் வேண்டாம்.

'இன்டாலரபிள்' வேறு வழியில் வந்தது. அதன் வேரும் தூக்குவதையும் தாங்குவதையும் சொல்வதுதான். அந்த வேரிலிருந்தே வடமொழியில் தராசுக்குத் 'துலா' என்ற பெயர் வந்தது. நம் துலாபாரத்தில் 'துலா', 'பாரம்' இரண்டும் சேர்ந்தே இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு. 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகளைக் குடியேற்றக்காரர்கள் கடலில் கொட்டினார்கள். அடுத்த ஆண்டு லண்டன் நாடாளுமன்றம் துறைமுகத்தை மூடியது, மாசசூசெட்ஸின் தன்னாட்சியைக் குறைத்தது. அந்தத் தண்டனைச் சட்டங்களுக்கு அமெரிக்கப் பாடநூல்கள் பின்னாளில் வைத்த பெயர் 'இன்டாலரபிள்' சட்டங்கள். தராசுத் தட்டு ஒரு பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்துவிட்டது என்ற வழக்கு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றில் எனக்கு நெருக்கமானது 'பேர்'. அது சுமப்பதையும் சொல்லும், பிள்ளை பெறுவதையும் சொல்லும். பிறந்ததைச் சொல்லும் 'பார்ன்' அதன் பிள்ளை. தமிழிலும் பத்து மாதம் 'சுமந்து' பெற்றாள் என்கிறோம். நம் பழைய சாலையோரங்களில் தலைச்சுமை இறக்கி வைக்க நின்ற சுமைதாங்கிக் கற்களில் பல, வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டவை. இறக்கி வைக்காமலே போய்விட்ட சுமைக்காக, மற்றவர் சுமையை இறக்க ஒரு கல். 'அன்பேரபிள்' என்பதன் முழுக் கனத்தையும் எந்த அகராதியையும்விட அந்தக் கல் எனக்கு நன்றாகச் சொல்லியிருக்கிறது.

மாணவிக்கு இவ்வளவும் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ரொனால்ட் மெல்ஸாக், நோயாளிகள் வலியைச் சொல்லும் சொற்களைச் சேர்த்துக்கொண்டே போனார். 1975-ல் அவற்றில் 78 சொற்களை 20 கூட்டங்களாகப் பிரித்து ஒரு வினாத்தாள் ஆக்கினார். எரியும் வலி, குத்தும் வலி, துடிக்கும் வலி என்று ஒவ்வொன்றுக்கும் இடம். 'அன்பேரபிள்' அதில் ஒரு கூட்டத்தின் கடைசிப் படி. வலியின் அளவைத் தனியாகக் கேட்கும் பகுதியில் ஐந்தாவது, உச்சப் படிக்கு அவர் வைத்த சொல் 'எக்ஸ்க்ரூஷியேட்டிங்'. அதற்குள் இருப்பது 'க்ரக்ஸ்', சிலுவை. வலி நோயாளியின் வாயில் இருக்கிறது, அவர் சொல்லைக் கேட்டுத்தான் அளக்க முடியும் என்பதே அந்தத் தாளின் அடிப்படை. 2015-ல் கனடா உச்ச நீதிமன்றம், மருத்துவர் உதவியோடு உயிர்விடுவது பற்றிய வழக்கில், துன்பம் 'இன்டாலரபிள்' தானா என்பதற்கு அளவுகோல் அதை அனுபவிப்பவர்தான் என்ற பொருளில் எழுதியது. அந்தச் சட்டத்தை ஏற்பதும் மறுப்பதும் வேறு பேச்சு. அளவுகோல் யார் கையில் என்ற அந்த ஒன்று சரி என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். நம்பவைத்தது அம்மாவின் ஒரு ராத்திரி.

அம்மாவுக்கு எலும்புவரை பரவிய புற்றுநோய். வெளிமாநில மருத்துவமனை ஒன்று. தமிழ் தெரியாத இளம் மருத்துவர், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்கச் சொன்னார். அம்மா எண்ணெல்லாம் சொல்லவில்லை. "தாங்கலடா" என்றாள். எனக்கு 'அன்பேரபிள்' தெரியாதா? அவ்வளவு பெரிய சொல்லைச் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பாரோ என்று கூசி, 'கொஞ்சம் அதிகம்' என்கிற மாதிரி ஒரு சொல்லைச் சொன்னேன். அதற்கேற்ற மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனார். விடியும்வரை அம்மா கட்டில் கம்பியைப் பிடித்தபடி கிடந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் வேறு நர்ஸ் பணிக்கு வந்தார், மலையாளி. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மா முகத்துக்கு அருகில் குனிந்தார். "தாங்க முடியலம்மா" என்றாள் அம்மா. மலையாளத்திலும் தாங்குவது தாங்குவதுதான். அவர் அம்மாவின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு, மருத்துவரைக் கூப்பிட ஓடினார்.