உபவாச நாளில் இன்சுலினை நிறுத்தலாமா?



லெந்து காலம் நெருங்கும்போதெல்லாம் வார்டில் எங்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, சாப்பிடாத நாளில் சர்க்கரை ஊசி எதற்கு?" ஒரகடம் தொழிற்சாலைகளில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் வாலிபர்களும் கேட்கிறார்கள், பெண்கள் ஐக்கியத்துத் தாய்மாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தவறாக விடை கண்டால் உயிருக்கே மோசம்.

நாம் உண்டதில் மிஞ்சுவது கொழுப்பணுக்களுக்குள் எண்ணெய்ச் சொட்டாகத் தங்குகிறது. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, கொழுப்பிலோ 9. எபிரெயத்தில் கொழுப்புக்கு 'ஹேலெப்' என்று பெயர். எண்ணாகமம் 18-ம் அதிகாரத்தில் எண்ணெயிலும் தானியத்திலும் மேலான பங்குக்கும் அதே சொல்தான். கொழுப்பைப் பகையாகவே பேசும் இந்நாளில் இதையும் சொல்லிவைக்கிறோம்.

இந்தச் சேமிப்பு அப்படியே இரத்தத்தில் இறங்காது. ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக அறுத்துவிடுபவை லைபேஸ் என்னும் நொதிகள். ஹார்மோன்களுக்குக் கீழ்ப்படியும் லைபேஸ் 1960களிலேயே அறியப்பட்டது. முக்கிய வேலையை அதுவே செய்கிறதென்று நெடுநாள் எண்ணினார்கள். 2004-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆராய்ச்சியாளர்கள், முதல் அமிலத்தை அறுப்பது வேறொரு லைபேஸ் என்று காட்டினார்கள். பழைய நொதிக்கு இரண்டாவது அமிலம், மூன்றாவதற்கு இன்னொன்று.

நம் செம்பரம்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு ஏரித்தண்ணீர், லைபேஸ் மதகின் ஷட்டர். அட்ரினலின் "திற" என்கிறது, இன்சுலின் "மூடு" என்கிறது. சாப்பிட்டதும் இன்சுலின் ஏறி ஷட்டரை இறக்கும். உபவாசத்தில் இன்சுலின் குறைவதால் ஷட்டர் சற்றே உயர்ந்து, அமிலங்கள் தசைக்கும் இருதயத்துக்கும் எரிபொருளாகப் போகும். கல்லீரல் ஒரு பகுதியைக் கீட்டோனாக்கி மூளைக்கும் அனுப்பும். சுகமுள்ளவர் உடலில் அப்போதும் கொஞ்சம் இன்சுலின் சுரந்துகொண்டேயிருக்கும். அந்தக் கொஞ்சந்தான் ஷட்டரைப் பிடித்து நிறுத்துகிறது.

முதல் வகைச் சர்க்கரை நோயாளிக்கு அந்தக் கொஞ்சமும் ஊசியில்தான் வரவேண்டும். ஊசியை நிறுத்தினால் ஷட்டரைப் பிடிக்க ஆளில்லை. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் குடியிருந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கீட்டோன்கள் குவிந்து இரத்தம் அமிலமாகும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமாக வாங்கும் மூச்சு, மூச்சில் பழவாசனை, பிறகு மயக்கம். 1922 ஜனவரி 11-ல் டொராண்டோவில் 14 வயது லெனார்ட் தாம்சன் முதன்முதலாக இன்சுலின் ஊசி பெறும்வரை, இந்நோய் கண்ட பிள்ளைகளுக்கு முடிவு இதுவே.

ஆகவே வார்டில் நாங்கள் சொல்வது இதுதான். முதல் வகை நோயாளிகள் உணவில்லா நாளிலும் அடிப்படை இன்சுலினை விடக்கூடாது. அளவை டாக்டர் மாற்றித் தருவார். மாத்திரை எடுப்போருக்குச் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துபோகலாம், அவர்களும் முன்னதாகக் கேட்கவேண்டும். மேலே சொன்ன அறிகுறிகள் கண்டால் ஜெபித்துக்கொண்டே வண்டி ஏறுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள் காணிக்கையில் வாங்கும் இன்சுலின் குப்பிகளோடு இந்த வரிகளையும் துண்டுத்தாளில் அச்சிட்டுக் கொடுக்கிறோம். ஆயர்மார் எழுதிக் கேட்டால் அனுப்பிவைப்போம். சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு ஆராதனை அறிவிப்பிலேயே வாசித்துவிடலாம்.