நெடுக்கே ஓடும் உஷ்ணம், குறுக்கே தயங்கும்!

இடுக்கி மாவட்டம் ஆனைக்கரைப் பக்கம் ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பு எரிப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். விறகின் ஒரு முனை திகுதிகுவென்று எரியும்போதே மறுமுனையைக் கையால் பிடித்து உள்ளே தள்ளலாம். இரும்புக் கம்பியை அப்படிப் பிடித்தால் கை வெந்துவிடும். மரம் உஷ்ணத்தை எளிதில் கடத்துவதில்லை.

ஆனால் அந்த மரமும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நார் ஓடும் வாக்கில் உஷ்ணம் குறுக்கே செல்வதைவிடச் சுமார் இரண்டு மடங்கு சுலபமாகச் செல்லும். நம்பாதவர்கள் ஒரு பலகையில் மெழுகு பூசி, நடுவில் சூடான ஆணியை ஊன்றிப் பார்க்கலாம். (சிறுவர்கள் பெரியவர் துணையோடு செய்யட்டும்.) மெழுகு வட்டமாக உருகாது, நார் வாக்கில் நீண்டு, முட்டை வடிவில் உருகும். 1847-ல் செனார்மோன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி படிகங்களை வைத்து இத்தகைய சோதனையைத்தான் செய்தார்.

விறகுக்கட்டைக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 1980 ஜூலை 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணியைச் சுமந்து சென்ற எஸ்.எல்.வி.-3, திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவானது. திட்ட இயக்குநர் நம் ராமேசுவரத்து அப்துல் கலாம். அந்த ராக்கெட்டின் மேல் இரண்டு அடுக்குகளுக்கு எஃகுக் கூடு கிடையாது. இழைகளைப் பிசினில் தோய்த்துச் சுற்றிய கூடு. மரத்தில் இயற்கை செய்திருப்பதும் அதேதான்.

கார்பன் இழையில் இந்தப் பேதம் இன்னும் அதிகம். சில ரகங்கள் நெடுக்குவாக்கில் செம்பையே மிஞ்சிவிடும்! அவற்றைப் பிணைக்கும் பிசினோ உஷ்ணத்துக்கு வழிவிடாத மந்தம்.

இதனால் வரும் சங்கடத்தை ராக்கெட்டின் நாசிலில் பார்க்கலாம். வாயு பீறிடும் அந்த வாயில் வெப்பம் சுமார் 3000 டிகிரி. எஃகு 1500 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். எனவே உட்புறத்தில் கார்பன் இழையும் பினாலிக் பிசினும் சேர்ந்த தடித்த உறை வைக்கிறார்கள். பிசின் கருகி வாயுவாகி, உஷ்ணத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கொண்டுபோகிறது. ஆனால் இழைகளை நெருப்பிலிருந்து நேரே எஃகை நோக்கி நிறுத்தினால், உஷ்ணத்துக்கு நாமே சாலை போட்டுக் கொடுத்ததாகும். சுவரோடு படுக்கவைத்தாலோ உஷ்ணம் தடைபடும். ஆனால் உறை வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிந்துபோகும். ஆகவே சாய்வாகச் சுற்றுகிறார்கள்.

எத்தனை டிகிரி சாய்வு என்பதில்தான் பொறியாளரின் தலைவலி. எஃகுக்கு, எந்தத் திசைக்கும் ஒரே எண்ணை வைத்துக் கணக்குப் போடலாம். இதற்கு நெடுக்குக்கு ஒன்று, குறுக்குக்கு ஒன்று. கருகியபின் அவையும் மாறிவிடும்!